பானையோட்டில் தெரிவது பூச்சா, நெருப்பா, கறையா?

திருகோணமலைப் பக்கம் கிணறு வெட்டும்போதும் வீட்டுக்கு அத்திவாரம் போடும்போதும் மாரிக் கடல் கரையை அரித்துவிட்டுப் போன பிறகும் பானையோடு ஒன்றிரண்டு கண்ணில் படுவது புதிதல்ல. பெரும்பாலும் அது பாட்டி காலத்துச் சட்டி உடைந்த துண்டாக இருக்கும். சில வேளை உண்மையிலேயே பழையதாக இருக்கும். கையில் எடுத்தவர்கள் முதலில் கேட்பது "இது எந்தக் காலத்து ஓடு?" என்றுதான். அதில் சிவப்போ கறுப்போ வெள்ளைக் கோடோ தெரிந்தால் அடுத்த கேள்வி வரும்: "அந்தக் காலத்தில் என்ன பெயின்ற் பூசினார்கள்?"

இந்த இரண்டாவது கேள்விக்கு அறிவியல் எப்படிப் பதில் தேடுகிறது என்பதைத்தான் எழுதப்போகிறேன். இரசாயனவியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன பெயின்ற் என்று கேட்பதற்கு முன்னால், அது பெயின்ற்தானா என்று கேட்க வேண்டும். ஓட்டில் தெரியும் நிறம் பல வேளை யாரும் தூரிகை பிடித்துப் பூசியதாக இருக்காது. அதைத் தீர்க்காமல் எந்தக் கருவியில் ஓட்டை வைத்தாலும் வரும் விடை நம்மைத் தவறான பக்கம்தான் கொண்டுபோகும்.

களிமண்ணுக்குள்ளேயே இருக்கும் நிறம்

பானை செய்யும் களிமண்ணில் இரும்பு கலந்திருக்கும். சூளையில் காற்று தாராளமாகப் போனால் அந்த இரும்பு ஒட்சிசனோடு சேர்ந்து ஹேமடைட் என்ற கனிமமாகும். சிவப்பு அதனுடையது. காற்றை அடைத்துப் புகையோடு சுட்டால் அதே இரும்பு மக்னடைட் ஆகிச் சாம்பலும் கறுப்புமாகத் தெரியும். மண் ஒன்றுதான், காற்றின் அளவு மாறியதால் நிறமும் மாறியது.

இதற்கு நம் பக்கத்துச் சான்று கறுப்பு சிவப்பு மட்பாண்டம். புத்தளம் மாவட்டத்துப் பொம்பரிப்பில் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த தாழிக்காட்டிலும், யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும், அனுராதபுரத்தின் ஆதி இரும்புக்கால மண்ணடுக்குகளிலும், தமிழ்நாட்டில் ஆதிச்சநல்லூர் தொடங்கிக் கீழடி வரையும் கிடைத்திருக்கிறது. உட்பக்கமும் வாய்விளிம்பும் கறுப்பு, வெளியே உடம்பு சிவப்பு. பார்த்தவுடன் இரண்டு நிறம் பூசியது போலத்தான் இருக்கும். ஆனால் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் வேறு: பானையைக் கவிழ்த்து, உள்ளே வைக்கோல் உமி போன்றவற்றை அடைத்துச் சுட்டிருக்கிறார்கள். உள்ளே காற்றுப் போகவில்லை, கரி படிந்து கறுத்தது. வெளியே காற்றுப் பட்டுச் சிவந்தது. அப்படிப்பட்ட ஓட்டின் உடைந்த பக்கத்தை வடிவாகப் பார்த்தால் கறுப்பு ஒரு கோட்டோடு நிற்காது. மெல்ல மெல்ல மங்கி உடம்புக்குள் கலந்திருக்கும். பூசிய நிறம் என்றால் எல்லை தெரிந்திருக்கும்.

கீழடி ஓடுகளின் உட்பக்கக் கறுப்பைப் பற்றி 2020இல் ஒரு ஆய்வு வெளியானது. ஏறத்தாழ கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தப் பூச்சில் காபன் நனோகுழாய்கள், அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய காபன் குழல்கள், இருப்பதாக அதில் காட்டினார்கள். கேட்க வியப்பாக இருக்கும், வியப்பானதும்தான். ஆனால் இதிலிருந்து, அன்றைய குயவர்களுக்கு நனோ தொழில்நுட்பம் தெரிந்திருந்தது என்று எழுதிவிடுவது சரியல்ல. தாவரச் சாறு போன்ற ஏதோ ஒன்று சூளை வெப்பத்தில் கரியாகும்போது அந்த வடிவம் உருவாகியிருக்கலாம் என்பதே ஆய்வாளர்கள் முன்வைத்த கருத்து. எந்தப் பொருளைத் தடவினால் எவ்வளவு நேரம் சுட்டால் கறுப்பு உரியாமல் நிற்கும் என்று குயவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு என் பார்வையில் நனோகுழாயைவிடப் பெரியது.

மண்ணின் நிறத்துக்கும் பெயின்றுக்கும் நடுவே இன்னொன்று இருக்கிறது: களிப்பூச்சு. களிமண்ணை நீரில் கரைத்து, கனமானது அடியில் தங்க விட்டு, மேலே நிற்கும் நுண்ணிய கலங்கலை எடுத்துப் பானைமேல் தடவுவது. ஏதென்ஸ் நகரத்துப் பளபளக்கும் கறுப்புச் சாடிகள் இப்படித்தான் உருவாயின. நெடுங்காலம் அவற்றில் கறுப்பு நிறமி ஏதோ பூசியிருக்கிறார்கள் என்றே பலரும் தேடினார்கள். கடைசியில் அதுவும் இரும்பு கலந்த நுண்களிமண்தான் என்று தெரிந்தது. முதலில் காற்றோடு சுட்டு, பிறகு காற்றை அடைத்து, மறுபடியும் காற்றை விட்டிருக்கிறார்கள். நுண்களிப் பூச்சு நடுக்கட்டத்தில் உருகிக் கண்ணாடிபோல் மூடிக்கொண்டது. அதனால் கடைசிக் கட்டத்தில் உடம்பு மட்டும் சிவப்புக்குத் திரும்பியது, பூச்சு கறுப்பாகவே நின்றது.

மண் பூசிய நிறம்

இதைத்தான் புதியவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். நூற்றாண்டுக்கணக்கில் ஈரமண்ணில் கிடந்த ஓட்டில் மண்ணும் தன் பங்குக்கு நிறம் ஏற்றிவிடும். நிலத்தடி நீரில் கரைந்து வரும் மங்கனீசு, ஓட்டின்மேல் கறுப்புப் புள்ளியாகவும் கிளை விரித்த கோடாகவும் படியும். சுண்ணாம்பு கலந்த நீர் வெள்ளைப் படலம் விடும். கடலோர ஓட்டில் உப்புப் பூக்கும். மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவைச் சுற்றிலும் உள்ளதுபோன்ற காற்றில்லாத சேற்றில் கிடந்தால் இரும்புச் சல்பைடு சேர்ந்து ஓடு முழுவதும் கறுத்துவிடும். வெளியே எடுத்துச் சில நாள் காற்றுப் பட்டதும் அந்தக் கறுப்பு பழுப்பாக மாறும்.

இதைப் பிரித்தறியக் கருவியே தேவையில்லாத ஒரு சோதனை உண்டு. ஓட்டின் உடைந்த ஓரத்தைப் பாருங்கள். பானை உடைந்த பிறகு உருவான பரப்பு அது. மேலே தெரியும் கறுப்போ வெள்ளையோ அந்த உடைப்பின் மேலும் படர்ந்திருந்தால், அது உடைந்த பிறகு மண்ணுக்குள் படிந்தது. குயவர் உடைந்த ஓரத்துக்குப் பெயின்ற் அடித்திருக்க மாட்டார். பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைவில்லை இருந்தால் போதும்.

சுடுவதற்கு முன்னா, பின்னா?

சரி, கறை இல்லை, சூளை நிறமும் இல்லை, பூசியதுதான் என்று ஆகிவிட்டது. அடுத்த கேள்வி, அதைப் பூசியது பானையைச் சுடுவதற்கு முன்னா பின்னா என்பது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஏனென்றால் இங்கே நிறமியே சாட்சி சொல்லும்.

மஞ்சள் காவியை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது கோதைட், நீர் சேர்ந்த இரும்பு ஒட்சைட்டு. 250 முதல் 300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அந்த நீர் பிரிந்துபோய்ச் சிவப்பு ஹேமடைட் ஆகிவிடும். சாதாரணத் திறந்த சூளையே 600 பாகையைத் தாண்டும். ஆகவே ஒரு பானையில் கோதைட் இன்னும் மஞ்சளாகவே இருந்தால், அது சூளைக்குப் போய்வந்த பிறகு பூசப்பட்டது. அப்படிப் பூசிய பானை சோறு சமைக்கச் செய்ததாக இருக்க வாய்ப்பும் குறைவு. தேய்த்தால் போய்விடும் நிறத்தை அடுப்பில் ஏற்றும் சட்டிக்கு யாரும் பூசமாட்டார்கள்.

வெள்ளையில் இரண்டு வகை அடிக்கடி வரும், கயோலின் என்ற வெண்களியும் சுண்ணாம்பும். கயோலினின் அமைப்பு 600 பாகைக்குள் குலைந்துவிடும், குலைந்தது எளிதில் திரும்பாது. எனவே கயோலின் குலையாமல் இருந்தால், சுட்ட பிறகு பூசியது என்பதற்கு நல்ல தடயம். சுண்ணாம்பு கொஞ்சம் ஏமாற்றும். அதில் இருக்கும் கல்சைட் என்ற கனிமம் 700 – 850 பாகையில் சிதைந்து நீறாகும். ஆனால் பிறகு காற்றில் உள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி மறுபடியும் கல்சைட்டாகவே ஆகிவிடும். ஆகவே கல்சைட் இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, சுட்ட பிறகு பூசியது என்று முடிவு கட்டக்கூடாது.

கறுப்பு மங்கனீசு நிறமிக்கும் இப்படிப் படிகள் உண்டு. வெப்பம் ஏற ஏற அதன் கனிமம் மாறும். எந்தக் கனிமம் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து, சூளை ஏறத்தாழ எந்த வெப்பத்தைத் தொட்டது என்று சொல்ல முடியும்.

ஒரு ஓட்டை எடுத்துப் பார்ப்போம்

நாலு விரல் அகலத்தில் ஓர் ஓடு என்று வைத்துக்கொள்வோம். வெளிப்பக்கம் சிவப்பு, அதில் மூன்று வெள்ளைக் கோடுகள், வாய்விளிம்பில் ஒரு கறுப்புப் பட்டை. இது முழுக்கக் கற்பனையான ஓடு அல்ல. செங்காவிப் பூச்சும் வெள்ளைக் கோடும் கொண்ட மட்பாண்டம் தென்னிந்தியாவில், குறிப்பாகச் சங்க காலத்தோடு ஒட்டிய இடங்களில் நன்கு தெரிந்த ஒரு வகை.

முதலில் கண். மேசை விளக்கை ஓட்டுக்கு நேர் மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். அப்போது வெள்ளைக் கோடு மேலே மேடாக நிற்கிறதா, சிவப்புக்கு அடியில் ஓடுகிறதா என்று நிழலில் தெரியும். தூரிகை எந்தத் திசையில் இழுபட்டது, விரலால் தடவியதா என்பதும் சில வேளை தெரியும்.

பிறகு நுணுக்குக்காட்டி. நாற்பது ஐம்பது மடங்கில் பார்த்தால் சிவப்பு ஒரே சீரான பரப்பு இல்லை, அரைபட்ட மணிகளின் கூட்டம் என்று புரியும். மணிகள் கரடுமுரடாக இருந்தால் காவிக்கல்லை அவசரமாக அரைத்திருக்கிறார்கள். மிக நுண்ணியதாக இருந்தால் நீரில் கரைத்துத் தெளியவைத்த களிப்பூச்சாக இருக்கலாம்.

மூன்றாவது எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி. கையில் பிடிக்கும் துப்பாக்கி வடிவத்திலேயே இப்போது வருகிறது. ஓட்டில் துளி கூட எடுக்கத் தேவையில்லை. கருவி எக்ஸ்-கதிரை விடும், அது பட்ட ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய ஆற்றலில் பதில் கதிர் விடும். இரும்பு 6.40 கிலோ இலத்திரன்வோல்ட், மங்கனீசு 5.90, கல்சியம் 3.69. திரையில் எந்த இடத்தில் முகடு எழுகிறது என்று பார்த்தால் எந்த மூலகம் என்று தெரியும்.

நம் ஓட்டின் சிவப்பில் இரும்பு முகடு பெரிதாக எழும். உடனே இரும்பு நிறமி என்று எழுதிவிடலாமா? கூடாது. பூச்சின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்கலாம். எக்ஸ்-கதிர் அதைத் துளைத்துக்கொண்டு அடியில் இருக்கும் களிமண்ணையும் சேர்த்துப் பார்த்துவிடும், களிமண்ணிலும் இரும்பு உண்டு. அதனால் பூச்சு உள்ள இடத்தில் ஒரு அளவு, பூச்சு இல்லாத வெறும் இடத்தில் ஒரு அளவு எடுத்து ஒப்பிட வேண்டும். சிவப்புப் பகுதியில் வெறும் உடம்பைவிட இரும்பு கூடுதலாக இருந்தால்தான் பேச்சு.

கறுப்புப் பட்டைக்கு வருவோம். மங்கனீசு முகடு எழுந்தால் சரி, விடை கிடைத்தது போலத்தான், மண் கறை இல்லை என்று ஏற்கெனவே பார்த்துவிட்டோம். எழவில்லை என்றால்? கரியாக இருக்கலாம். ஆனால் இந்தக் கருவிக்குக் காபன் தெரியாது. காபன் விடும் கதிர் மிகப் பலவீனமானது, கருவியை வந்து சேர முன்னமே காற்று அதை விழுங்கிவிடும். கருவி காட்டவில்லை என்றால் பொருள் இல்லை என்று அர்த்தமில்லை என்பதை இந்தக் கட்டத்தில் நினைவில் வைக்க வேண்டும்.

கரியைக் கண்டுபிடிக்க நாம் போக வேண்டியது இராமன் நிறமாலை முறைக்கு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சேர் சி. வி. இராமன் 1928 பெப்ரவரி 28இல் கண்டறிந்த விளைவு, 1930இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது. ஒரே நிற ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அதில் மிகச் சிறு பகுதி நிறம் சற்று மாறி வரும். எவ்வளவு மாறுகிறது என்பது அந்தப் பொருளில் அணுக்கள் எப்படிப் பிணைந்து அதிர்கின்றன என்பதைப் பொறுத்தது. எக்ஸ்-கதிர் கருவி இரும்பு இருக்கிறது என்று மட்டும் சொல்லும். இராமன் முறை அது ஹேமடைட்டா கோதைட்டா மக்னடைட்டா என்று பிரித்துச் சொல்லும். நிறம் ஆராய்பவருக்கு அதுதானே வேண்டும். நிறம் மாறிய அளவைக் கருவி இலக்கமாகக் காட்டும்; ஹேமடைட் என்றால் 225, 292, 411 என்ற இலக்கங்களை ஒட்டி முகடுகள் வரும். கரி என்றால் 1350க்கும் 1590க்கும் அருகே இரண்டு அகன்ற முகடுகள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இப்போது இந்த முறைக்கு லேசர் பயன்படுத்துகிறார்கள். லேசரின் வலுவைக் கூட்டி வைத்துவிட்டால் அது படும் புள்ளி சூடாகி, மஞ்சள் கோதைட்டும் கறுப்பு மக்னடைட்டும் கண் முன்னாலேயே ஹேமடைட்டாக மாறிவிடும். பானையில் இல்லாத சிவப்பை ஆய்வுகூடத்தில் நாமே உண்டாக்கிவிட்டு, அதைக் குயவர் பூசியது என்று எழுதிவிடும் ஆபத்து இது. பொறுமையுள்ளவர்கள் லேசரைக் குறைத்து வைத்து, நீண்ட நேரம் காத்திருந்து அளப்பார்கள்.

இன்னும் சந்தேகம் மிஞ்சினால் கடுகிலும் சிறிய ஒரு துணுக்கை எடுத்து, பிசினில் பதித்து, குறுக்காக வெட்டிப் பார்க்க வேண்டிவரும். பழைய வீட்டுச் சுவரைச் சுரண்டினால் ஒவ்வொரு பொங்கலுக்கும் அடித்த சுண்ணாம்பு படைபடையாகத் தெரியுமே, அப்படி உடம்பு, களிப்பூச்சு, வெள்ளைக் கோடு, மேலே மண் படலம் என்று வரிசை தெரியும். ஒன்றை அழித்துத்தான் இதைப் பார்க்க முடியும். ஆகவே இது கடைசி வழியாக இருக்க வேண்டும், முதல் வழியாக அல்ல.

நீலப்பூவும் புல்மோட்டை மணலும்

கடலோரத்தில் கிடைக்கும் நீலப்பூ போட்ட பீங்கான் துண்டுகள் வேறு கதை. துறைமுக ஊருக்குச் சீனப் பீங்கானும், பின்னாளில் ஐரோப்பியப் பீங்கானும் கப்பலில் வந்தன. மன்னாரின் மாந்தையிலும் ஊர்காவற்றுறைக்கு அருகே அல்லைப்பிட்டியிலும் பழைய சீன மட்பாண்டங்கள் கிடைத்திருக்கின்றன. நீலப்பூவில் நிறம் தருவது கோபால்ட். அது கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் பத்திரமாக இருப்பதால் கழுவினாலும் போகாது.

கோபால்ட்டை எக்ஸ்-கதிர் கருவியில் பார்க்கும்போது ஒரு சிக்கல் வரும். அதன் முகடு 6.93இல் எழும். இரும்பின் இரண்டாவது முகடு 7.06இல். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அனுபவம் இல்லாதவர் இரும்பின் முகட்டைக் கோபால்ட் என்று படித்துவிடுவார். ஆனால் சரியாகப் பிரித்துப் படித்தால் இன்னொரு செய்தி கிடைக்கும். சீனத்து உள்ளூர்க் கோபால்ட் தாதில் மங்கனீசு அதிகம். மேற்காசியாவிலிருந்து சீனாவுக்குப் போன தாதில் மங்கனீசு குறைவு, இரும்பு கூடுதல். இரண்டுக்குமான விகிதத்தை வைத்து நீலம் எந்தப் பக்கத்துத் தாது என்று ஓரளவு சொல்லலாம்.

வெள்ளைக்கு வந்தால் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு பிரச்சினை இருக்கிறது. இன்று கடையில் வாங்கும் வெள்ளைப் பெயின்றின் உயிர் டைட்டேனியம் ஒட்சைட்டு. அது விற்பனைக்கு வந்தது முதலாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில்தான். ஆகவே பழைய பானை என்று சொல்லப்படும் ஒன்றின் வெள்ளைக் கோட்டில் டைட்டேனியம் இருந்தால் போலி என்றோ பின்னால் திருத்தியது என்றோ உலகெங்கும் சந்தேகிப்பார்கள். ஆனால் புல்மோட்டை மணலில் இல்மனைட்டும் ரூட்டைலும் நிறைய உண்டு. இரண்டும் டைட்டேனியக் கனிமங்கள். அந்தக் கரை மணலைக் களியோடு சேர்த்துப் பிசைந்த பானையில் டைட்டேனியம் இயல்பாகவே இருக்கும். இங்கே கிடைத்த ஓட்டில் டைட்டேனியம் கண்டவுடன் போலி என்று சொல்லிவிடக்கூடாது. கரடுமுரடான இல்மனைட் மணியா, தொழிற்சாலையில் வந்த ஒரே அளவான வெண்தூளா என்று நுணுக்குக்காட்டியும் இராமனும் சேர்ந்துதான் தீர்க்க வேண்டும். வேறு நாட்டு அட்டவணையை அப்படியே எடுத்து நம் ஓட்டுக்குப் பொருத்த முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதனால்தான் ஓட்டை மட்டும் ஆராய்வது போதாது என்கிறேன். தம்பலகாமத்து வயல் களி, மகாவலி முகத்துவாரச் சேறு, புல்மோட்டை மணல், இவற்றின் மாதிரிகளையும் அளந்து வைத்தால்தான் ஒரு பானை இங்கே செய்ததா வெளியிலிருந்து வந்ததா என்று பேசவே முடியும்.

நிறமி காலத்தைச் சொல்லுமா என்றால், பெரும்பாலும் சொல்லாது. காவி பத்தாயிரம் ஆண்டுக்கு முன்னும் காவிதான், இன்றும் காவிதான். காலம் தெரிய ஓடு எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பது வேண்டும். நிறமி சொல்லாத இன்னொன்றும் உண்டு. பூசியவர் வீட்டில் என்ன மொழி பேசினார், யாரைக் கும்பிட்டார் என்பதை ஹேமடைட்டிலிருந்து எடுக்க முடியாது. நம் மாவட்டத்தில் ஓடொன்று கிடைத்தாலே இது எங்கள் ஆட்களுடையது, உங்கள் ஆட்களுடையது என்று பேச்சுத் தொடங்கிவிடுகிறது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், நிறத்தை ஆதாரமாகக் காட்டும் அந்தப் பேச்சை நான் ஏற்கமாட்டேன்.

கடைசியாக, ஓடு கண்ணில் பட்டால் என்ன செய்வது? தயவுசெய்து கழுவ வேண்டாம். சுட்ட பிறகு பூசிய நிறம் முதல் வாளித் தண்ணீரிலேயே போய்விடும், பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால் சொல்லவே வேண்டாம். எடுத்துக்கொண்டு வரவும் வேண்டாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச்சட்டப்படி அதை அறிவிக்க வேண்டும். கிடந்த இடத்திலேயே, பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்துப் படம் எடுத்துவிட்டுத் தொல்பொருள் திணைக்களத்துக்குத் தெரிவியுங்கள். அகழ்வில் உதவப் போகும் மாணவர்களுக்கு இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். இலக்கம் எழுதுவதென்றால் நிறமில்லாத பக்கத்தில் எழுதுங்கள். ஓட்டை ஒட்டியிருந்த மண்ணில் ஒரு பிடியைத் தனிப் பையில் போட்டு அதே இலக்கத்தைக் குறித்து வையுங்கள். ஓட்டில் இருக்கும் மங்கனீசு குயவருடையதா மண்ணுடையதா என்று பிறகு ஆய்வுகூடத்தில் கேள்வி வரும்போது, அந்தப் பிடி மண்ணோடு ஒப்பிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.